புளோரன்ஸ் பியூ: பிறப்பு, வளர்ப்பு, முதல் படங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் நடிகை புளோரன்ஸ் பியூவுக்கு 2019-ல் ஒரே ஆண்டில் மூன்று படங்கள். மறு ஆண்டு தொடக்கத்தில் ஆஸ்கர் பரிந்துரை. ‘திடீரென்று எங்கிருந்து வந்தார் இந்தப் பெண்?’ என்று அப்போது பலரும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். அவர் திடீரென்று வரவில்லை. 17 வயதில் கேமரா முன் நின்றதிலிருந்து அந்தப் பரிந்துரை வரைக்கும் ஆறு ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதில் ஒரு பெரிய சறுக்கலும் உண்டு. அந்தக் காலத்தைப் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். படங்களின் கதைத் திருப்பங்கள் ஒன்றிரண்டு இடங்களில் வெளிப்படும், அங்கே முன்கூட்டியே சொல்லியிருக்கிறோம்.

பெயரை எப்படிச் சொல்வது? பக், புக், பியூ – எது சரி?

பியூ. ஆங்கில எழுத்தை (Pugh) பார்த்தால் ‘பக்’ என்று படிக்கத் தோன்றும். ஆனால் கடைசி இரண்டு எழுத்துகளுக்கும் உச்சரிப்பில் வேலையே இல்லை. இது வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த குடும்பப் பெயர். அங்கே ஒருவரின் பெயருக்குப் பின் ‘ஆப்’ சேர்த்துத் தந்தை பெயரைச் சொல்வது பழைய வழக்கம். ‘ஆப் ஹியூ’ என்றால் ஹியூவின் மகன். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்வதற்குப் பக்கத்தில் வரும் பழக்கம் இது. நாளடைவில் ‘ஆப்’பின் அகரம் உதிர்ந்து, ஒற்று மட்டும் தந்தை பெயரோடு ஒட்டிக்கொண்டு ‘பியூ’ ஆயிற்று. பவல், பிரைஸ் என்ற பெயர்கள் பிறந்ததும் இதே வழியில்தான்.

எங்கே, எப்போது பிறந்தார்? குடும்பம்?

1996 ஜனவரி 3, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் நகரம். ஆக்ஸ்ஃபோர்ட் என்றதும் பல்கலைக்கழகக் குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். தந்தை கிளிண்டன் பியூ உணவகம் நடத்தியவர். மாணவர்களும் குடியேறிகளும் நிறைந்த கௌலி சாலையில் அவருடைய கடைகளை ஊரே அறிந்திருந்தது. தாய் நடனக்காரர், நடன ஆசிரியையும் கூட. நான்கு பிள்ளைகளில் புளோரன்ஸ் மூன்றாவது. அண்ணன் டோபி செபாஸ்டியன் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் டிரிஸ்டேன் மார்ட்டெல்லாக நடித்தவர், பாடகரும்கூட. அக்காவும் நடிப்புத் துறைதான். அண்ணன் குடும்பப் பெயரைப் போட்டுக்கொள்ளாததால் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதே பலருக்குத் தெரியாது.

அவர் குரல் ஏன் அப்படிக் கரகரப்பாக, அடித்தொண்டையிலிருந்து வருகிறது?

சிறு வயதில் அவருக்கு மூச்சுக்குழாய்த் தொய்வு இருந்தது. மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளாதபடி அதைத் தாங்கி நிற்பவை குருத்தெலும்பு வளையங்கள். சில குழந்தைகளுக்கு அவை போதிய விறைப்பில்லாமல் மென்மையாக இருக்கும். மூச்சை வெளியே விடும்போதும் இருமும்போதும் குழாய் உள்பக்கமாக ஒடுங்கும். இழுப்புச் சத்தம், ஓயாத இருமல், சாதாரண சளிகூட நெஞ்சுக்குள் இறங்கிவிடுவது என்று தொல்லைகள் தொடரும். புளோரன்ஸ் அடிக்கடி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வெயிலும் உலர்ந்த காற்றும் உள்ள இடமாக இருந்தால் நல்லது என்று, அவருக்கு மூன்று வயதானபோது குடும்பமே ஸ்பெயினின் தென்கோடியில் அந்தலூசியா பகுதியிலுள்ள சோட்டோகிராண்டேக்குக் குடிபெயர்ந்தது. ஆறு வயதில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பினார்கள்.

இன்று திரையில் கேட்கும் அந்தக் கனத்த குரலில் அந்த நாள்களின் தடம் இருக்கிறது. இருபது வயதுக்காரிக்கு நாற்பது வயதுக்காரியின் குரல் வாய்த்தது. அதனால்தான் சின்ன வயதிலேயே மனைவி, அரசி போன்ற வேடங்களில் அவரை நம்ப முடிந்தது என்பது எங்கள் கணிப்பு.

நடிப்புப் பள்ளியில் படித்தாரா?

இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் வைச்வுட் பள்ளி, பிறகு செயின்ட் எட்வர்ட்ஸ் பள்ளி. அத்தோடு சரி.

இங்கிலாந்தில் இது சற்று அபூர்வம் என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. அங்கே மரபான பாதை என்பது 1904-ல் தொடங்கிய ராடா, 1861-ல் தொடங்கிய லாம்டா, கில்டுஹால் போன்ற நாடகக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டம். ராடாவின் நடிப்புப் பட்ட வகுப்பில் ஆண்டுக்கு 28 பேர் மட்டுமே சேர முடியும், விண்ணப்பிப்பவர்களோ ஆயிரக்கணக்கில். குரல், உடல் அசைவு, வட்டார வழக்கு, செய்யுள் நாடகம் எல்லாம் அங்கே முறையாகக் கற்றுத் தருவார்கள். கடைசி ஆண்டில் ஏஜென்டுகள் முன்னால் நடித்துக் காட்டும் வாய்ப்பும் உண்டு. பள்ளி வயதினருக்கு 1956-ல் தொடங்கிய நேஷனல் யூத் தியேட்டர் இன்னொரு வாசல்.

புளோரன்ஸ் இவற்றில் எதிலும் நுழையவில்லை. செய்யுள் நாடகமும் வட்டார வழக்கும் படப்பிடிப்பில் செய்து கற்றவைதான். நடிகை ஜோடி கோமரும் இப்படி நாடகக் கல்லூரி வாசலை மிதிக்காமல் வந்தவரே. ஆனாலும் இந்த இருவரைக் காட்டி ‘கல்லூரி தேவையில்லை’ என்று முடிவு கட்டுவது தவறு. கல்லூரியில் சேராதவருக்கு ஏஜென்ட் கிடைப்பதுதான் பெரிய தடை. புளோரன்ஸுக்கு அந்தத் தடையை முதல் படமே உடைத்துக் கொடுத்தது.

அந்த முதல் படம் எப்படிக் கிடைத்தது?

இயக்குநர் கேரல் மோர்லி ‘தி ஃபாலிங்’ படத்துக்காகப் பள்ளி மாணவிகளைத் தேடிக்கொண்டிருந்தார். 1969-ல் ஒரு பெண்கள் பள்ளியில் மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி விழுகிறார்கள், காரணம் புரியவில்லை. இதுதான் கதை. கூட்டமாக வரும் பெண்களுக்குத் தொழில்முறை நடிகைகளின் சாயல் இருக்கக் கூடாது என்பதால் அனுபவமில்லாதவர்களும் வரலாம் என்று திறந்த தேர்வு வைத்தார்கள். மேல்நிலை வகுப்பில் இருந்த புளோரன்ஸ் அதில் தேர்வானார்.

கிடைத்தது கூட்டத்தில் ஒருத்தி வேடம் அல்ல. கதையை நகர்த்தும் ஏபி என்ற பாத்திரம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ மூலம் ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றிருந்த மெய்சி வில்லியம்ஸுக்கு உயிர்த்தோழி. (கதைத் திருப்பம் வருகிறது.) ஏபி படத்தின் நடுப்பகுதிக்கு முன்பே இறந்துவிடுகிறாள். ஆனால் அதற்குப் பிறகுதான் அவள் படம் முழுக்க நிறைகிறாள். திரையில் இல்லாதபோதும் மற்ற பெண்கள் எல்லாரும் அவளையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நாம் நம்ப வேண்டும். முதல் படத்திலேயே அந்தப் பாரத்தை அவர் சுமந்துவிட்டார். 2014 லண்டன் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. சிறந்த பிரிட்டிஷ் புதுமுகத்துக்கான பரிந்துரையும் அவருக்குக் கிடைத்தது.

இந்தப் படத்துக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுத்தவர் ஷாஹீன் பெய்க். இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கீழே மறுபடி வருவார்.

படிக்கும் பிள்ளையைப் படத்தில் நடிக்க வைக்க இங்கிலாந்தில் அனுமதி வேண்டாமா?

பிரிட்டனில் வசிக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு நேரடியாகப் பயன்படும் கேள்வி. கட்டாயக் கல்வி வயதுக்குள் இருந்தால் உரிமம் வேண்டும். ஒரு மாணவர் 16 வயதாகும் கல்வியாண்டில் ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு கட்டாயக் கல்வி முடிகிறது. 17 வயதில் நடித்த புளோரன்ஸுக்கு அதனால் உரிமம் தேவைப்படவில்லை.

அதற்குக் கீழ் என்றால், பிள்ளை வசிக்கும் பகுதியின் உள்ளாட்சி மன்றத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். விண்ணப்பிப்பது தயாரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு, பெற்றோர் தங்கள் பகுதியை நிரப்பிக் கையெழுத்திடுவார்கள். பிறப்புச் சான்று நகல், புகைப்படம், பள்ளி நேரத்தில் படப்பிடிப்பு என்றால் தலைமை ஆசிரியரின் ஒப்புதல் கடிதம் ஆகியவை தேவை. படப்பிடிப்புக்கு 21 நாள் முன்னதாக விண்ணப்பம் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் மன்றம் மறுக்கலாம். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விளம்பரப் படக்காரர்கள் கடைசி நேரத்தில் ஆள் தேடுவார்கள், பள்ளிக் கடிதம் விடுமுறையில் சிக்கிக்கொள்ளும்.

வேலை நேரத்துக்கும் கறாரான வரம்பு உண்டு. 5 வயதுக்குக் கீழ் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் 5 மணி நேரம், அதில் நடிப்பும் ஒத்திகையும் 2 மணி நேரம். 5 முதல் 8 வயது வரை 8 மணி நேரம், அதில் நடிப்பு 3 மணி நேரம். 9 வயதும் அதற்கு மேலும் ஒன்பதரை மணி நேரம், நடிப்பு 5 மணி நேரம். பெற்றோர் உடன் இல்லையென்றால் மன்றம் ஒப்புக்கொண்ட காப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். ஒரு காப்பாளர் அதிகபட்சம் 12 பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொள்ளலாம்.

ஹாலிவுட்டுக்குப் போய்த் தோற்றுத் திரும்பினார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ‘தி ஃபாலிங்’ வந்த கையோடு, 19 வயதில், லாஸ் ஏஞ்சலிஸில் ‘ஸ்டூடியோ சிட்டி’ என்ற தொலைக்காட்சித் தொடருக்குத் தேர்வானார். பாடகியாகும் கனவோடு அந்த ஊருக்கு வரும் இளம்பெண் வேடம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் முறை தெரிந்தால்தான் என்ன நடந்தது என்பது புரியும். அங்கே முதலில் ‘பைலட்’ என்ற ஒற்றை அத்தியாயத்தை மட்டும் எடுப்பார்கள். அலைவரிசையின் மேலிடத்தார் பார்த்துப் பிடித்திருந்தால் தொடராகும், இல்லையென்றால் அலமாரிக்குப் போகும். ஓர் ஆண்டில் எடுக்கப்படும் பைலட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாவது கதிதான். ‘ஸ்டூடியோ சிட்டி’யும் தொடராகவில்லை.

அதைவிட அவரைப் பாதித்தது வேறு. உடல் எடை, முகத்தின் வடிவம், புருவத்தின் வளைவு என்று எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார்கள் என்று பின்னாளில், 2022-ல், செய்தித்தாள் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். பெரிய தவறு செய்துவிட்டோம், இந்தத் தொழிலே நமக்கு ஒத்துவராது என்ற மனநிலையோடுதான் ஊர் திரும்பினார். 19 வயதுப் பெண்ணை அப்படி எண்ண வைத்தவர்கள் மீது கோபம் வருவது நியாயமே. அந்தத் தொடர் மட்டும் ஏற்கப்பட்டிருந்தால் பல ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டிருப்பார். அடுத்து வந்த படத்துக்கு அவருக்கு நாள் கிடைத்திருக்காது.

அடுத்து வந்த ‘லேடி மேக்பெத்’ ஷேக்ஸ்பியர் நாடகம்தானே?

இல்லை. இந்தத் தவறு மிகப் பரவலானது. ரஷ்ய எழுத்தாளர் நிக்கொலாய் லெஸ்கோவ் 1865-ல் எழுதிய குறுநாவல்தான் மூலம். ஷேக்ஸ்பியர் பாத்திரத்தின் பெயரைக் கடன் வாங்கியவர் லெஸ்கோவ். ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் புகழ்பெற்ற ஓப்ராவும் (இசை நாடகம்) இதே கதையிலிருந்து வந்தது. திரைக்கதை எழுதிய ஆலிஸ் பர்ச் கதையை ரஷ்யாவிலிருந்து வட இங்கிலாந்துக்கு, அதே 1865-ஆம் ஆண்டுக்கே கொண்டுவந்தார். நிலத்தோடு சேர்த்து விலைக்கு வாங்கப்பட்டவள் போல, தன்னைத் தொடக்கூட விரும்பாத ஒருவனுக்கு மணமுடிக்கப்படும் கேத்தரின் என்ற பெண்ணின் கதை.

புளோரன்ஸுக்கு இந்த வாய்ப்பு வந்தது ஷாஹீன் பெய்க் வழியாக. ‘தி ஃபாலிங்’குக்கு அவரைத் தேர்ந்தெடுத்த அதே ஷாஹீன்தான். இங்கிலாந்தில் நடிகர் தேர்வாளர் ஒருவரின் நினைவில் இடம்பிடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அவ்வளவு சின்னப் பட்ஜெட்டில் அந்தப் படத்தை எப்படி எடுத்தார்கள்?

சுமார் 5 லட்சம் பவுண்டு, 24 நாள் படப்பிடிப்பு. முதல் படம் எடுப்பவர்களுக்காக இங்கிலாந்தில் நடந்த ‘ஐ-ஃபீச்சர்ஸ்’ என்ற திட்டத்தில் பிபிசி ஃபிலிம்ஸ், பிஎஃப்ஐ (பிரிட்டிஷ் திரைப்படக் கழகம்) போன்றவை சேர்ந்து பணம் போட்டன. பணம் குறைவு, ஆனால் இயக்குநரின் கையைக் கட்டமாட்டார்கள்.

சரித்திரக் கதை என்றால் வண்டி, குதிரை, கூட்டம், மாளிகை என்று செலவு எகிறும். இவர்கள் எல்லாவற்றையும் ஒரே வீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். அறைகள் காலியாக, சுவர்கள் வெறுமையாக இருந்தன. மிச்சம் பிடிப்பதற்காகச் செய்தது கதைக்கே பொருத்தமாகிவிட்டது. அந்த வெறுமைதானே கேத்தரினின் வாழ்க்கை. இயக்குநர் வில்லியம் ஓல்ட்ராய்ட் மேடை நாடகத்திலிருந்து வந்தவர். ஒளிப்பதிவாளர் ஆரி வெக்னர் கேமராவைப் பெரும்பாலும் அசைக்காமல் வைத்தார். அசையாத கேமராவுக்கு முன்னால் நடிப்பவருக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. வெட்டி ஒட்டிக் காப்பாற்றவும் முடியாது.

இரண்டு காட்சிகளைக் கூர்ந்து பாருங்கள். காலையில் வேலைக்காரப் பெண் ஆனா அவருக்கு இடுப்புக் கச்சையை இழுத்துக் கட்டுகிறாள், கயிறு இறுக இறுக உடம்பு பின்னால் இழுபடுகிறது. பிறகு அந்த நீல உடையில் சோபாவின் நட்ட நடுவில் உட்கார வேண்டும். செய்ய வேலையில்லை, வெளியே போக அனுமதியில்லை. தூக்கம் கண்ணை இழுக்கிறது. ஒரு வசனமும் இல்லை. அடைபட்ட ஓர் உயிர் என்பதை முதுகெலும்பும் கண்ணிமையும் மட்டுமே சொல்கின்றன.

இன்னொன்று. (கதைத் திருப்பம்.) விஷம் தின்ற மாமனார் பக்கத்து அறையில் உயிருக்குப் போராடுகிறார். கேத்தரின் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து ஆனாவோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஓய்கிற வரை அந்தக் குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. 19 வயதில் நடித்தது இது.

2016 டொரன்டோ விழாவில் முதல் திரையிடல், 2017 ஏப்ரலில் பிரிட்டன் வெளியீடு. அந்த ஆண்டின் பிரிட்டிஷ் சுயாதீனத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகை புளோரன்ஸ்தான். அவரோடு சேர்ந்து மற்றவர்களும் மேலேறினார்கள். ஆனாவாக நடித்த நவோமி ஆக்கி பிறகு ‘ஸ்டார் வார்ஸ்’ வரை போனார், உடை வடிவமைத்த ஹோலி வாடிங்டன் 2024-ல் வேறொரு படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். ஆலிஸ் பர்ச், ஆரி வெக்னர், புளோரன்ஸ் மூவரும் 2022-ல் ‘தி வொண்டர்’ படத்தில் மறுபடி ஒன்றாக வேலை செய்தார்கள்.

அதற்குப் பிறகு உடனே நட்சத்திரமாகிவிட்டாரா?

ஆகவில்லை. நடுவே இரண்டு மூன்று ஆண்டு, கிடைத்த வேலைகளை எல்லாம் செய்தார் என்றே சொல்ல வேண்டும். ஐடிவி அலைவரிசையின் ‘மார்செல்லா’ துப்பறியும் தொடரில் ஒரு பாத்திரம். லியாம் நீசனின் ‘தி கம்யூட்டர்’ படத்தில் ரயில் பயணிகளில் ஒருத்தி. ‘மெலவலன்ட்’ என்ற திகில் படம், அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ‘அவுட்லா கிங்’கில் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் மனைவி எலிசபெத். ரிச்சர்ட் அயர் இயக்கிய ‘கிங் லியர்’ தொலைக்காட்சிப் படத்தில் ஆண்டனி ஹாப்கின்ஸுக்குக் கடைசி மகள் கார்டீலியா. அவர் நடித்த ஷேக்ஸ்பியர் இதுதான்.

2018 அக்டோபரில் பிபிசியில் வந்த ‘தி லிட்டில் டிரம்மர் கேர்ள்’ ஆறு பகுதித் தொடரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜான் லெ காரேயின் 1983 நாவல், இயக்கம் கொரியாவின் பார்க் சான்-வூக். கதை 1979-ல் நடக்கிறது. சார்லி என்ற மேடை நடிகையை இஸ்ரேலிய உளவுத்துறை வலைவீசிப் பிடித்து, பாலஸ்தீன இயக்கத்துக்குள் அனுப்புகிறது. நடிகையாக நடிக்கும் நடிகை, அந்த நடிகை உயிரைப் பணயம் வைத்து நடிக்கும் இன்னொரு வேடம் என்று அடுக்கடுக்காகப் போகும். எந்த நொடியில் சார்லி உண்மையாகப் பேசுகிறாள், எந்த நொடியில் நடிக்கிறாள் என்று நமக்குச் சந்தேகம் வர வேண்டும். அவளுக்கே சந்தேகம் வர வேண்டும். முழு ஆறு மணி நேரமும் அவரே தாங்க வேண்டிய முதல் வேலை இது. அவரைப் பற்றிப் பேசுபவர்கள் இதைத் தவிர்த்துவிட்டுப் போவது எங்களுக்கு வருத்தம்தான்.

மல்யுத்தப் படத்தில் அவரே சண்டை போட்டாரா?

‘ஃபைட்டிங் வித் மை ஃபேமிலி’. நாரிச் நகர மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவின் மல்யுத்தக் காட்சி நிறுவனமான டபிள்யூடபிள்யூஈ வரை போன பேஜ் என்ற வீராங்கனையின் உண்மைக் கதை. ஸ்டீபன் மெர்ச்சன்ட் இயக்கம். பயிற்சி எடுத்துக்கொண்டு பெரும்பகுதியை அவரே செய்தார், ஆபத்தான சில வீச்சுகளுக்கு மட்டும் மாற்று ஆள்.

இதில் உண்மையான சோதனை கடைசிச் சண்டை. அதை செட் போட்டு எடுக்கவில்லை. 2017 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் ஸ்டேப்பிள்ஸ் சென்டரில் டபிள்யூடபிள்யூஈயின் வழக்கமான ‘ரா’ நிகழ்ச்சி முடிந்ததும், கலைந்து போகாமல் உட்கார்ந்திருந்த உண்மையான ரசிகர் கூட்டத்துக்கு முன்னால் எடுத்தார்கள். கிடைத்த நேரம் சுமார் ஒரு மணி. கூட்டம் சலித்துப்போனால் காட்சியே பாழ். எதிராளியாக நின்ற ஸெலினா வேகா நிஜ மல்யுத்த வீராங்கனை. வளையத்துக்குள் புளோரன்ஸின் முகத்தில் தெரியும் நடுக்கத்தில் பாதி நடிப்பு, பாதி நிஜம் என்றே தோன்றுகிறது.

தேதியைக் கவனியுங்கள். 2017-ன் தொடக்கத்தில் எடுத்த காட்சி இது, படம் வெளிவந்ததோ 2019-ல். அதற்கு வெகு காலம் கழித்து எடுத்த ‘டிரம்மர் கேர்ள்’ 2018-லேயே வந்துவிட்டது. வெவ்வேறு காலத்தில் செய்த வேலைகள் ஒரே சமயத்தில் வெளிவந்ததால்தான் எழுச்சி அவ்வளவு திடீரென்று தெரிந்தது.

‘மிட்சமர்’ முடித்து நேரே ‘லிட்டில் வுமன்’ போனாராமே?

ஆம். ‘மிட்சமர்’ கதை ஸ்வீடனில் நடக்கிறது, எடுத்தது ஹங்கேரியில், புடாபெஸ்டுக்குப் பக்கத்தில். குடும்பம் முழுவதையும் இழந்த டேனி என்ற பெண், தன்னை விட்டு விலகப் பார்க்கும் காதலனோடு ஒரு கிராமத்து விழாவுக்குப் போகிறாள். 2018 கோடையின் பட்டப்பகலில் எடுக்கப்பட்ட திகில் படம். படத்தில் பல தடவை அவர் அழுகிறார், ஒவ்வோர் அழுகையும் வேறு. தொலைபேசியில் அடக்கிக்கொண்டு பேசும்போது ஒன்று. கழிவறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொள்ளும்போது ஒன்று. கடைசியில் கிராமத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அதே மூச்சில் ஓலமிடும்போது ஒன்று. ஒப்பாரி வைக்கும் வீட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி சட்டென்று பிடிபடும். தனியாக அடக்கி வைத்த துக்கம், கூட அழ ஆள் கிடைத்ததும் உடைகிறது.

அந்தப் பூ உடை பற்றியும் பலர் கேட்கிறார்கள். சுமார் 10,000 பட்டுப் பூக்கள், எடை 15 கிலோ அளவுக்கு இருக்கும். கடைசிக் காட்சியில் அவர் அதை இழுத்துக்கொண்டு தடுமாறி நகர்வதைப் பார்த்தாலே பாரம் தெரியும். 2020-ல் ஏலத்தில் 65,000 டாலருக்கு ஆஸ்கர் அகாதெமியின் அருங்காட்சியகம் அதை வாங்கியது.

அங்கிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்கு. கிரெட்டா கெர்விக் இயக்கிய ‘லிட்டில் வுமன்’ படப்பிடிப்பு அங்கே. பாரிஸ் காட்சிகள்கூட அங்கேதான் எடுக்கப்பட்டன.

22 வயதில் சிறுமியாக எப்படி நடித்தார்?

‘லிட்டில் வுமன்’ நான்கு சகோதரிகளின் கதை, அதில் இவர் கடைக்குட்டித் தங்கை ஏமி. கதை முன்னும் பின்னும் தாவுவதால் ஒரே நடிகை சிறுமியாகவும் இளம்பெண்ணாகவும் வர வேண்டும். நெற்றியில் வெட்டிவிட்ட முடி, ஏற்றிப் பேசும் குரல், ஓரிடத்தில் நில்லாத கை கால் – இவைதான் சிறுமி ஏமி. பக்கத்து வீட்டு இளைஞன் லாரிக்குப் பரிசளிக்கத் தன் பாதத்தை அச்செடுக்கப் போய்ச் சுண்ணச் சாந்து வாளிக்குள் கால் மாட்டிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். பெரியவளான பின் அதே குரல் கீழே இறங்கி நிதானமாகிறது, கழுத்து நிமிர்ந்துவிடுகிறது.

பாரிஸில் ஓவியக் கூடத்தில் லாரியிடம் பேசும் பேச்சுதான் உச்சம். பெண்ணுக்கென்று பணமில்லை. இருந்தாலும் திருமணமானால் அது கணவனுடையது, பிள்ளைகளும் அவனுடைய சொத்து, ஆகவே திருமணம் எனக்குப் பொருளாதார விஷயம்தான் என்கிறாள். படத்தில் அத்தையாக நடித்த மெரில் ஸ்ட்ரீப் எடுத்துச் சொன்னதால் சேர்க்கப்பட்ட பகுதி அது. நூற்றைம்பது ஆண்டாக மூல நாவலின் வாசகர்கள் வெறுத்து வந்த ஏமியை அந்த ஒரு காட்சி நேசிக்க வைத்துவிட்டது.

ஆஸ்கர் வாங்கினாரா?

பரிந்துரை மட்டும். துணை நடிகைக்கான ஆஸ்கர், பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா இரண்டும் 2020-ல் லாரா டெர்னுக்குப் போயின, ‘மேரேஜ் ஸ்டோரி’ படத்துக்காக. அதே லாரா டெர்ன்தான் ‘லிட்டில் வுமன்’னில் புளோரன்ஸுக்கு அம்மா.

மார்வெல் படமான ‘பிளாக் விடோ’வில் கிடைத்த வேடம் அந்தப் பரிந்துரையால் வந்தது என்றும் எழுதுகிறார்கள். அது தவறு. அந்தப் படம் 2019-லேயே எடுத்து முடிக்கப்பட்டுவிட்டது. பெருந்தொற்றால் வெளியீடு 2021 ஜூலை வரை தள்ளிப்போயிற்று.

பாஃப்டா ‘ரைசிங் ஸ்டார்’ விருது?

அதிலும் பரிந்துரைதான், 2018-ல். இந்த விருதில் ஐந்து பேரை நடுவர் குழு தேர்ந்தெடுக்கும், வெற்றியாளரைப் பொதுமக்கள் வாக்களித்து முடிவு செய்வார்கள். 2006-லிருந்து தரப்படுகிறது, முதலில் வாங்கியவர் ஜேம்ஸ் மெக்அவாய். 2018 பட்டியலில் புளோரன்ஸோடு டேனியல் கலூயா, டிமதி ஷலமே, ஜோஷ் ஓ’கானர், டெஸ்ஸா தாம்ப்சன் இருந்தார்கள். வென்றவர் கலூயா. அந்த ஐவரும் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால், அந்த ஆண்டு நடுவர்களின் கண்ணைப் பாராட்டத்தான் வேண்டும்.

பாடுவாரா?

பாடுவார். நடிப்புக்கு வந்த புதிதில் ‘ஃப்ளோஸி ரோஸ்’ என்ற பெயரில் கிதாரோடு உட்கார்ந்து பிறர் பாடல்களைப் பாடி யூடியூபில் ஏற்றிக்கொண்டிருந்தார். 2023-ல் வந்த ‘எ குட் பெர்சன்’ படத்தில் சொந்தப் பாட்டும் உண்டு.

எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

வெளிவந்த வரிசையை விட்டுவிடுங்கள். வீட்டில் பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் ‘லிட்டில் வுமன்’, பிரிட்டனில் அதற்கு எல்லாரும் பார்க்கலாம் என்ற யூ சான்றிதழ். வளர்ந்த பிள்ளைகளோடு என்றால் மல்யுத்தப் படம். ‘லேடி மேக்பெத்’துக்கு 15 வயது வரம்பு. அதை இரவில், தனியாக, கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள், 90 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ‘மிட்சமர்’ 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். முதல் பத்து நிமிடத்திலேயே தற்கொலை காட்டப்படுகிறது, அண்மையில் வீட்டில் துக்கம் கண்டவர்கள் இப்போதைக்குத் தவிர்ப்பது நல்லது. ‘தி ஃபாலிங்’கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் பார்த்த பிறகு, பள்ளிச் சீருடையில் ஒரு மரத்தடியில் நிற்கும் அந்த 17 வயதுப் பெண்ணிடம் எவையெல்லாம் அப்போதே இருந்தன என்று தேடிப் பார்க்கலாம்.